தட்டில் இறங்கிய ராஜா

ஓட்மாரின் வெள்ளை ராஜா பாலாடைக்கட்டி கேக் தட்டில் நின்றுகொண்டிருந்தார். பலகைக்குத் திரும்ப, எதிரே ஆடிய லியோண்டினா அனுமதிக்கவில்லை.

"நடுவரே! இங்க வாங்க!"

கெர்வின் ஓடினான். நடுவர் சான்றிதழுக்கு இது அவனுடைய மூன்றாவது முயற்சி. தேர்வாளர் பிராக்மான் ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

மைன்ஸ் நகரத்தின் அந்த ஒயின் விடுதிப் பின்கூடத்தில், பின்வரிசைக் காய்களைச் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றி அடுக்கித்தான் சதுரங்கம் ஆடுவார்கள். ராஜா எந்தக் கட்டத்தில் ஆரம்பித்தாலும், வெள்ளைக்கு வலப்பக்கம், ஒரே நகர்வில் யானையையும் சேர்த்துக் கோட்டை கட்டி முடித்ததும் அவர் மூலைக்கு அடுத்த கட்டத்தில்தான் நிற்க வேண்டும். யானை அவரை ஒட்டி உள்பக்கம். இந்த விதியை நினைக்கும்போதெல்லாம் கெர்வினுக்கு ஆச்சரியம் தீராது. குழப்பம் வரக்கூடாதென்று காலையில் அவனே அறிவித்திருந்தான்: "கோட்டை கட்டும்போது முதல்ல ராஜாவைப் பலகையிலிருந்து இறக்கிடுங்க."

"இறக்கினேன், யானையை வெச்சேன். இப்ப ராஜாவை வைக்கப் போனா இந்தம்மா விடல," என்றார் ஓட்மார். கசாப்புக் கடைக்காரர். குரலும் அப்படித்தான்.

"யானை நிக்கிற கட்டத்தை என் பிஷப் குறி வெச்சிருக்கு. ராஜா நடுவிலிருந்து வந்திருந்தா அதைத் தாண்டித்தான் வரணும். அப்போ இந்தக் கோட்டை செல்லாது," என்றாள் லியோண்டினா. ஓய்வுபெற்ற நீதிபதி. "அவர் எங்கேர்ந்து வந்தாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? தூக்கும்போது கேக்கைப் பார்த்துட்டிருந்தேன்."

"நடுவுலதான் இருந்தாரு. நாற்பது வருஷமா ராஜா நடுவுலதான் இருக்காரு!"

"அது பழைய ஆட்டம்மா!"

கெர்வின் பக்கத்துப் பலகையைப் பார்த்தான். எல்லாப் பலகைக்கும் ஒரே அடுக்குதான். ஆனால் அங்கே ராஜா துரத்தப்பட்டுப் பலகையின் மத்திக்கே வந்திருந்தார். ஆட்டக் குறிப்பை வாங்கினான். ஓட்மாரின் கையெழுத்து எலும்பை வெட்டியதுபோல் இருந்தது; ஒரு வரியும் படிக்க முடியவில்லை.

"அடுக்கு எழுதின குலுக்கல் சீட்டைப் பார்த்துடலாம்," என்றான் கம்பீரமாக.

சுவரில் சீட்டு இல்லை. இந்த மேசை ஆடியதால் காலையில் அதை நாலாக மடித்து மேசைக் காலுக்கடியில் வைத்தவன் அவனே.

குனிந்து உருவினான். மேசை சாய்ந்தது. முப்பது காய்கள் தரையில் சிதறின. காபி கவிழ்ந்து சீட்டில் கொட்டியது. மை கரைந்து, பின்வரிசை முழுதும் ஒரு நீல ஏரியானது.

"பிரமாதம் தம்பி," என்றார் ஓட்மார். "இப்ப எனக்கு ராஜாவும் இல்ல, கேக்கும் இல்ல."

பிராக்மான் ஏதோ எழுதினார். கொஞ்சம் நீளமாகவே எழுதினார்.

இருவரும் முணுமுணுத்தபடி மற்றக் காய்களை இருந்த இடத்தில் அடுக்கினார்கள். கெர்வின் நான்கு காலில் தவழ்ந்து, ராஜாவை வெப்பக் குழாயின் அடியிலிருந்து மீட்டான். தலையில் கேக் ஒட்டியிருந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றான். மூலைக்கு அடுத்த கட்டம் அவருக்காகக் காலியாக இருந்தது. எங்கிருந்து வந்தீர்கள், மகாராஜா?

"சொல்லுங்க நடுவரே," என்றாள் லியோண்டினா. "செல்லுமா, செல்லாதா?"

பிராக்மானின் பேனா நின்றது.

காபி பரிமாறும் ஸீட்டா துணியோடு வந்து மேசையைத் துடைத்தாள். கெர்வின் கையிலிருந்து ராஜாவை வாங்கி, அவர் தலையையும் துடைத்து, அந்தக் காலிக் கட்டத்தில் வைத்தாள்.

"காலையில பன்னிரண்டு பலகையும் நான்தானே அடுக்கினேன். இவரு முதல்லேர்ந்தே இந்தக் கட்டத்துலதான் நின்னாரு. யானை மட்டும் தாண்டினா போதும். இவரை எதுக்குக் கீழ இறக்கச் சொன்னீங்க?"