தபால் அண்ணையின் காது

யார் தும்மினாலும் தும்மியவரின் ஊரைச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் கரவெட்டித் தபால் அண்ணைதான். கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் மாமியாரின் ஊரையும் சொல்லுவார்.

சென்னையில் இரண்டு வருடம் படித்து, அந்த ஊர்ப் பேச்சையும் பெட்டியில் கட்டிக்கொண்டு கரவெட்டிக்குத் திரும்பி வந்து ஆசிரியராகியிருந்தேன். வீட்டு வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டு, "இதோ வர்றேன்" என்றேன். நீட்டிய கடிதத்தை அண்ணை திரும்பப் பைக்குள் வைத்தார்.

"இது கரவெட்டி மாஸ்டருக்கு வந்தது, ஐயா. நீங்கள் ஆர்?"

எங்கள் ஊர்ப்படி 'வாறன்' என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் கடிதம் கிடைத்தது.

பிறகு நாட்டில் சண்டை மூண்டது. மயிலிட்டி போன்ற வலிகாமக் கரைச் சனமும் வேலணை போன்ற தீவுச் சனமும் இடம்பெயர்ந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். ஒருநாள் ஜெர்மனியிலிருந்து 'கனகம்மா, மயிலிட்டி' என்று மட்டும் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. மயிலிட்டியில் அப்போது ஆளே இல்லை. ஐந்தாம் வகுப்பறையிலோ இரண்டு கனகம்மாக்கள். இருவருக்கும் மகன் ஜெர்மனியில். இருவருமே தாங்கள் மயிலிட்டி என்றார்கள்.

"கடிதம் எண்டால் எந்தத் தாயும் ஓம் எண்டுதான் சொல்லும், மாஸ்டர். கதைக்க விட்டுக் கேட்டால் ஊர் தெரிஞ்சிடும்" என்றார் அண்ணை.

சைக்கிள் கழுவுகிற சாட்டில் இரண்டு நாள் கிணற்றடியில் காது கொடுத்தார். சைக்கிள் பளபளத்தது. முகம் கறுத்தது.

"எட்டு மாதம் ஒரு வாளியிலை தண்ணி அள்ளியிருக்கினம். பேச்சிலை அவவின்ரை இழுவை இவவிட்டை, இவவின்ரை வெட்டு அவவிட்டை. நான் என்னெண்டு வேலை பார்க்கிறது?"

கடைசியில் இருவரையும் ஒரே வாங்குப் பலகையில் இருத்தி, கடிதத்தை உடைத்து என்னை வாசிக்கச் சொன்னார்.

"அன்புள்ள அம்மா, தங்கச்சியின் கலியாணம் என்ன மாதிரி?"

மெலிந்த கனகம்மா எழுந்தார். "எனக்குப் பெட்டைப்பிள்ளை இல்லைத் தம்பி. நான் வேலணை. மூண்டு வருசமா மகன்ரை ஒரு கடிதமும் இல்லை. ஒருக்கா வாசிச்சுக் கேப்பம் எண்டுதான்..."

நான் புத்தி சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணை என் காலை மிதித்தார்.

"இருங்கோ அக்கா. காகிதம் இன்னும் முடியேல்லை."

மற்றக் கனகம்மா அவரைக் கையைப் பிடித்துத் திரும்ப இருத்தினார்.

அன்றிலிருந்து தினமும் ஐந்தாம் வகுப்பு யன்னலடியில் மணி அடித்து, வேலணைக் கனகம்மா கேட்கமுன்பே அண்ணை சொல்லிவிடுவார்: "இண்டைக்கு இல்லையக்கா, நாளைக்குப் பார்ப்பம்."

கரவெட்டிப் பேச்சைத் தவிர வேறெதுவும் வாயில் வராத மனிதர், அந்த ஒரு வரியை மட்டும் வேலணை இழுவையில் சொல்லுவார். ஊரில் எல்லோரின் பேச்சையும் கேலி செய்கிற நான், அதை மட்டும் அவரிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.