ஐஸ் பெட்டிக்குள் இருந்தது நானல்ல

கோவில்பட்டி
12.5.2004

அன்பு மகன் சோலைராஜுக்கு,

உன் அப்பா நந்தகோபால் உயிரோடும் சுகத்தோடும் சொந்தக் கையெழுத்தில் எழுதிக்கொண்டது. அம்மாவும் சுகம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க செண்பகவல்லி அம்மன் துணை. நிற்க, என் பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ மஸ்கட்டிலிருந்து டிக்கெட் போட்டிருப்பதாக அறிந்தேன். உடனே ரத்து செய்யவும். காரணத்தைப் பதறாமல் படி.

நீ போகுமுன் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அம்மாவுக்காகப் பேசிப் பதிந்தாயே, "யம்மா, காப்பி குடிச்சியா? சீக்கிரம் வாரேன்" என்று, அதை அவள் தினமும் காலையில் போட்டுக் கேட்டு, "குடிச்சிட்டேன்யா" என்று பதிலும் சொல்லுவாள். தங்கை விஜி கல்யாணத்துக்கே லீவு தராத கம்பெனி உன்னுடையது, போனில் பேசினாலும் பாதி நேரம் கார்டு தீரப்போகிறது என்பாய், அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? போன வாரம் அந்தக் கம்ப்யூட்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கடைக்கார அருண்பாண்டியன் வந்து கழற்றிப் பார்த்து, "ஹார்ட் டிஸ்க் போச்சு அண்ணாச்சி. புதுசு மாட்டிருவோம், உள்ள இருக்கது போயிரும்" என்றான். "உள்ள இருக்கது போனா பெட்டி எதுக்குய்யா, அதுல மாவா ஆட்டப் போறேன்?" என்று அம்மா உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. டிஸ்கை ஈரம் படாமல் பையில் கட்டி ஒரு ராத்திரி உறைய வைத்தால் கொஞ்ச நேரம் ஓடும், அதற்குள் உள்ளதை வேறு டிஸ்கில் ஏற்றிவிடலாம், இடையில் குளிர் விடக் கூடாது என்றான். நம் பிரிட்ஜில் வைக்கலாமென்றால் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கரண்ட் போனாலும் குளிர் போகாத சாமான், பந்தல்கடை பூவனலிங்கத்தின் ஐஸ் பெட்டி ஒன்றுதான். செத்தவர்களை வைப்பது, ஜெனரேட்டரோடு வரும். உயிரோடு இருக்கிறவனுக்கு இந்த ஊரில் அந்தச் சவுகரியம் கிடையாது. "வாடகை வேண்டாம் அண்ணாச்சி. போனதைத் திருப்பிக் கொண்டாரதுக்கு என் பெட்டியக் கேக்குத மொத ஆளு நீங்கதான்" என்றார் பூவனலிங்கம்.

பெட்டி வாசலில் இறங்கியது. டிஸ்கை உள்ளே வைத்ததும் அம்மா மூடியில் கையை வைத்து அழுதாள். எதிர்வீட்டு வெள்ளைத்தாய் அதைப் பார்த்து, "அய்யய்யோ, அண்ணாச்சி போயிட்டாவளே!" என்று போட்ட சத்தத்தில், குளித்துக்கொண்டிருந்த நான் துண்டோடு ஓடிவந்தால் தெருவே நிற்கிறது. மளிகைக்கடைக்காரர் மாலையோடு வந்து, என்னைக் கண்டு முழித்து, "வாங்குனது வாங்கியாச்சு" என்று என் கழுத்திலேயே போட்டுவிட்டார். பெட்டி போனால் பந்தலும் உண்டென்ற பழக்கத்தில் பூவனலிங்கத்தின் ஆட்கள் கால் நட்டபோது போன் வயர் அறுந்தது. அதற்குள் வெள்ளைத்தாய் உன்னோடு தங்கியிருக்கும் தன் மகன் இசக்கிதுரைக்குச் சொல்லிவிட்டாள். நான் பூத்திலிருந்து போன் போட்டேன். அவன்தான் எடுத்தான். "சோலைராஜ் அப்பா பேசுதேன்" என்றதும் அலறி வைத்துவிட்டான். பிறகு வெள்ளைத்தாயே உண்மையைச் சொன்னாலும், "சோலைராஜ் மனசு தாங்காதுன்னு மறைக்கீய" என்கிறானாம். அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கோழிக்கிறுக்கலை வேறு யாராலும் எழுத முடியாது.

மறுநாள் காலை அருண்பாண்டியன் டிஸ்கை எடுத்து வாசலிலேயே மாட்டினான். துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் உன் குரல் வந்தது: "யம்மா, காப்பி குடிச்சியா?" அம்மா கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெள்ளைத்தாய்தான், "நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கலய்யா உங்கம்மா" என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. எல்லாம் ஏற்றி முடித்ததும் டிஸ்க் ஒரேயடியாக நின்றது.

ஆகையால் நீ வரத் தேவையில்லை. வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு உன் குரல் போதும். நோய்நொடியின்றி நூறு வயது இரு. இசக்கிதுரைக்கு என் ஆசி, பயப்படாமல் வாங்கிக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற உன் அப்பா,
நந்தகோபால்

பின்குறிப்பு: கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நீங்க உசுரோட இருக்கீயன்னு எழுதுங்க. வரவேண்டாம்னு எழுத யாரு சொன்னா? குரல் போதும்னு நான் சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கும் போதாதுதான். ஆகவே நான் உயிரோடு இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அடித்துவிடு. உன் கம்பெனிக்கு நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அவர்கள் வெள்ளைத்தாய்க்குப் போன் போட்டு விசாரித்தாலும் அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை, வாசலில் இருப்பதைச் சொன்னால் போதும். நீ வந்து இறங்குகிறவரை ஐஸ் பெட்டி நம் வாசலில்தான் நிற்கும் என்று அம்மா பூவனலிங்கத்திடம் சொல்லிவிட்டாள்.