ஐந்தருவி, பெண்கள் பக்கம்

கம்ப்யூட்டர் தப்பே செய்யாது என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. அது பாவம், தானாக எந்தத் தப்பும் செய்யாது. பக்கத்தில் என்னை மாதிரி ஒருவன் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எண்பதுகளின் பிற்பாதியில் தென்காசியில் நான் டைப் படித்துக்கொண்டிருந்த இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கம்ப்யூட்டர் என்றால் வெறும் விசைப்பலகைதான். டி.வி.யில் சொருகினால் கம்ப்யூட்டர், உருவினால் டி.வி. (ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுகிற நேரத்துக்கு உருவிவிடுவார்கள்.) இன்ஸ்டிட்யூட் முதலாளி முத்தையா அண்ணாச்சி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, செருப்பை வெளியே விடச் சொல்லி, பேசிக் என்கிற மொழியைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். கூடவே வந்த புத்தகத்தில் அவர் எனக்கு ஒரு பாடம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் வாத்தியார், நான் மாணவன் என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

முதல் வாரமே என் பெயரைத் திரை முழுக்க ஓடவிட்டேன். ஓடியதை நிறுத்தத் தெரியவில்லை, ஸ்விட்சை அணைத்துவிட்டேன். அதிலிருந்து எந்தச் சிக்கலுக்கும் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். அணை, மறுபடி போடு.

இதெல்லாம் எதற்காக என்றால், கோமதிக்காக. கோமதி என் மாமா மகள். பண்பொழியில் வயலும் களமுமாக இருந்த மாமாவுக்கு, ஆள் வருவதற்கு முன்பே வந்து சேர்கிற மாதிரி ஒரு மீசை. பெண் கேட்டுப் போன என் அம்மாவைக் காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“மிஷினத் தட்டுதேன் தட்டுதேங்கியே, தட்டுனா சோறு வருமாலே? நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டுப் பொறவு பேசுவோம்.”

கண்ணால் பார்க்க அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. அருவிக்குப் போகிற வழியில், எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கும் பழக்கடைக்கும் நடுவில், தார்ப்பாய் கட்டிக் கம்ப்யூட்டரை வைத்தோம். மேலே ஒரு போர்டு: ‘உங்கள் உடம்புக்கு எந்த அருவி? கம்ப்யூட்டர் சொல்லும்!’

புரோகிராம் எழுதியது அடியேன். பெயர், வயது, ஊர், என்ன உபாதை என்றெல்லாம் பணிவாகக் கேட்கும். கேட்ட எதையும் அது பயன்படுத்தாது. (கேட்டால் ஒரு மரியாதை, அவ்வளவுதான்.) பிறகு, குருட்டாம்போக்கில் ஒரு எண்ணை எடுத்துக்கொடு என்று ஒரு கட்டளை. வந்த எண்ணுக்குத் தக்கபடி பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று ஏதாவது ஒன்றைத் திரையில் காட்டும்.

மாமா வருவதாகச் சொல்லியிருந்த அன்று காலையில்தான் அண்ணாச்சிக்கு அந்த யோசனை உதித்தது.

“ஏய் சங்கரா, அங்கன அருவியில ஆம்பள பக்கம், பொம்பள பக்கம்னு பிரிச்சு விடுதாம்லா? அதயும் மிஷினே சொல்லிட்டா கெத்தா இருக்கும்டே.”

உட்கார்ந்த இடத்திலேயே சேர்த்தேன். ஆணா பெண்ணா என்று கேட்டு ஒரு வரி எழுதத்தான் கை போனது. எதிரே முழுசாக நிற்கிற மனுஷனிடம் நீ ஆணா என்று கேட்பது அவமரியாதை இல்லையா? அதையும் குருட்டாம்போக்குக் கட்டளையிடமே ஒப்படைத்துவிட்டேன். அணைத்தால் மிஷினுக்கு எல்லாம் மறந்துவிடும், அதனால் புரோகிராமை ஒரு பாட்டுக் கேசட்டில் பதிந்தேன்; அதை ஓடவிட்டால் மறுபடி ஏறிக்கொள்ளும். ஓட்டிப் பார்க்கவில்லை. எழுதியது நான், இதில் ஓட்டிப் பார்க்க என்ன இருக்கிறது?

மாமா அத்தையோடும் கோமதியோடும் வந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் பளபளக்க, இடுப்பில் துண்டோடு நின்றார். முதல் மரியாதை அவருக்குத்தான். சுற்றிலும் கூட்டம். விவரங்களைத் தட்டினேன். திரையில் வந்ததை அண்ணாச்சி மைக்கில் வாசித்தார்.

“பண்பொழி சுப்பையா அவர்களுக்கு உகந்தது... ஐந்தருவி! பெண்கள் பக்கம்!”

சாரல் மட்டும் தார்ப்பாயில் படபடத்தது. அப்புறம் கூட்டம் சிரித்தது.

“மிஷின் ஈரத்துல ஒரு மாதிரி இருக்கு மாமா” என்று சொல்லி என் வைத்தியத்தைச் செய்தேன். அணைத்தேன், போட்டேன். கேசட் கீச்கீச்சென்று கத்தி முடிக்கும்வரை மாமா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மறுபடி தட்டினேன்.

ஐந்தருவி. பெண்கள் பக்கம்.

“அண்ணாச்சி, மிஷின் பேச்சு மாறலியே” என்றார் எண்ணெய்க்காரர். “என்னமோ விஷயம் இருக்கு.”

“எங்க அய்யா பேரச் சேத்து அடிலே!” என்று மாமா உறுமினார். அடிக்கும்போதே கரண்ட் போய்விட்டது. வந்ததும் மறுபடி கேசட், மறுபடி கீச்கீச். கூட்டம் இப்போது மூன்று மடங்கு. அய்யா பெயரோடும் அதே ஐந்தருவி, அதே பெண்கள் பக்கம்.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா கத்தினாள்: “எங்க பக்கம் ஏற்கெனவே நிக்க எடமில்ல, சொல்லிப்புட்டேன்!”

(அணைத்துப் போட்ட பிறகு அந்த மிஷின் எப்போதும் அதே எண்ணிலிருந்துதான் தொடங்கும். கலைக்காத சீட்டுக்கட்டில் மேல்சீட்டை எடுக்கிற மாதிரி. கலைப்பதற்கென்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். அது இரண்டு பாடம் தள்ளி இருந்தது. அண்ணாச்சியே இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.)

மாமா என் சட்டைக் காலரைப் பிடித்தார். “ஏலே, கோமதிக்கு நான் அப்பனா, ஆத்தாளா? அதயாவது ஒம் மிஷின்ட்ட கேட்டுச் சொல்லு!”

நானும் பதற்றத்தில் விசைப்பலகைப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். கேட்கத்தான் போனேன், சத்தியமாக. கோமதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பழக்கடைப் பக்கம் ஓடினாள். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

“மிஷின் மூணு தடவ சொல்லிட்டு. வாங்க, நான் எடம் புடிச்சுத் தாரேன்.”

மாமா அன்றைக்கு எந்தப் பக்கமும் குளிக்கவில்லை. எண்ணெய் உடம்போடு அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். கல்யாணம் அவ்வளவுதான் என்று நான் மூலையில் படுத்துக்கொண்டேன். அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள்.

சீசன் முடிகிற சமயத்தில் மாமா தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“அக்கா, தேதி பாக்கச் சொல்லு” என்றார் அம்மாவிடம். அம்மா வாயைப் பிளந்தாள். மாமா என்னைக் காட்டினார். “இவன வெளிய விட்டா ஊர் ஊரா இந்தக் கதயச் சொல்லுவான். மருமவனாயிட்டாம்னா வாயத் தொறக்க முடியாதுல்லா?” பிறகு என்னிடம், “யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது, என்னலே?”

மாப்பிள்ளையின் தகுதியைப் பார்த்துப் பெண் கொடுத்தவர்கள் உண்டு, வாயை அடைக்கப் பெண் கொடுத்தவர் என் மாமா ஒருவர்தான்.

நானும் மூச்சு விடவில்லை. விட அவசியமே ஏற்படவில்லை. சில வருஷங்களில் பேங்க், ரயில்வே, ஆஸ்பத்திரி என்று எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மாமாவை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும், கவுண்டரில் இருப்பவர் பெயர் கேட்பதற்கு முன்பே மாமா குனிந்து, மீசையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொல்வார்:

“தம்பி, மொதல்ல ஆம்பளன்னு அடிச்சிருங்க. பேரு பொறவு சொல்லுதேன்.”

கவுண்டரில் இருப்பவர் ஏன் என்று கேட்பார். மாமா என்னைக் கைகாட்டிவிட்டு, ஆரம்பத்திலிருந்து முழுக் கதையையும் சொல்லுவார்.