செக்போஸ்ட் மாமாவின் சோதனை

கிருமாம்பாக்கத்தில் செக்போஸ்ட் மாமாவின் கேள்விகளுக்குத் தப்பி அவர் வீட்டுக்குள் நுழைந்த ஒரே உயிர் பல்லிதான். அதையும் அவர் முழுசாக நம்பியதில்லை.

டிராக்டர் ஓட்டிய மனிதர். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு ஆனதும், கட்டிலை வாசலுக்கு நேராகப் போடச் சொல்லி, வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சோதித்தார். கடலூர் எல்லையில் போலீஸ்காரர்கூடப் பையை அவ்வளவு துழாவமாட்டார். அப்படி வந்த பெயர் அது. கஞ்சி வந்தாலும் கண்ணுக்குச் சொட்டு மருந்து வந்தாலும், முதல் சோதனை பக்கத்து வீட்டுக்காரனான என் மேல். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் அவர் தொடுவார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்க முகாமுக்கு வரச் சொன்னார்கள். வீட்டை விட்டுக் கிளப்பும் தந்திரம் என்று மறுத்துவிட்டார். ஊழியர் ஒருவர் போனோடு வீட்டுக்கே வந்தார். முகத்தைப் படம் பிடித்து நிலத்தை எழுதிக்கொள்வார்கள் என்பது மாமாவின் கணிப்பு. முதலில் என்னைப் படம் பிடிக்கச் சொன்னார். எனக்கு அந்த வயதாகவில்லை என்றார் ஊழியர்.

"அப்ப இவனுக்கு வயசானதும் வாப்பா."

அதற்குள் மாமாவின் காலில் புண் வந்துவிட்டது. வீடு தேடி வந்த சுகாதார நிலைய நர்ஸ், சர்க்கரை பார்த்துக் கட்டுப் போடாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார். மாமா காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். வழக்கம்போல நான் விரலை நீட்டினேன்.

மெஷினைப் பார்த்த நர்ஸ் என்னை உட்காரச் சொன்னார். எனக்குச் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது.

மெஷின் பொய் சொல்கிறது, இன்னொரு தடவை குத்து என்றார் மாமா. நர்ஸ் குத்தினார். அதே கதைதான்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் விரலை நீட்டினார். "எனக்கும் அதே நம்பர் வந்தா மெஷின் டுபாக்கூர்."

வேறு நம்பர் வந்தது. போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார்.

"அந்த அட்டைக்காரனையும் வரச் சொல்லும்மா. இவனுக்கு வயசாவுற வரிக்கும் இவன் தாங்கமாட்டான் போல கீது."

அட்டை வந்தது. அதை வைத்து ஆஸ்பத்திரியில் புண்ணை ஆற்றினார்கள், கால் பிழைத்தது. அதன்பின் அவருடைய சந்தேகம் முழுக்க என் மேல் திரும்பியது. தினமும் காலையில் அவர் கட்டில் முன்னால் நின்றுதான் நான் மாத்திரை போட வேண்டும்.

"வாயத் தொறடா. நாக்கத் தூக்கு."

போன மழையில் மாமா போய்ச் சேர்ந்தார், இரண்டு காலோடும். கட்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். அந்த வாசலில் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. மாத்திரையை விழுங்கியதும் எனக்கு வாய் மட்டும் தானாகத் திறந்துகொள்கிறது.