ஸ்டெப்னி இறக்கு படலம்

துருவுக்கு அஞ்சாத் தோளுடையோய், கிரீஸ் தோய்ந்த பனியனை மார்க்கவசமாய்ப் பூண்டோய், ஊரே சிரித்தபோதும் உன் கிழட்டு பிக்கப்பைக் கைவிடாத தகையோய், வாழி நீ! உன் புகழ் பாட வந்தோம். முகம் பார்த்துப் பாடலாமென்றால் நீ வண்டிக்கு அடியில் கிடக்கிறாய். காலைப் பார்த்தே பாடித் தொலைக்கிறோம்.

போர் மூண்ட காரணம் கேண்மின். தலைவனின் ஒரே மகளுக்குத் தொலைநகர் ஒன்றில் வேலை கிடைத்தது. கட்டில், மெத்தை, மேசை சகிதம் அவளைத் தன் வண்டியிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பேன் எனத் தலைவன் சூளுரைத்திருந்த வேளையில், அண்மையில் புதுக்கார் வாங்கி, அதை வாங்கிய செய்தியை இன்னும் ஊரெல்லாம் சொல்லி முடித்திராத மனைவியின் தம்பி, "சாமானை லாரியில போட்டுடலாம் அத்தான். நாம எல்லாரும் ஏசி கார்ல ஜம்முனு போயிடலாம்" என்று தேன் குழைத்து மொழிந்தான். பெற்ற மகளை வழியனுப்பும் நாளில், மைத்துனன் காரின் பின்சீட்டில் மூட்டையோடு மூட்டையாக மடங்கிப் போவதா?

"என் பொண்ணு என் வண்டியிலதான் போவா! போய்க் காட்டறேன் பாரு!"

அம்முழக்கம் கேட்டு, கூரைமேல் துயின்ற பூனை ஒரு கண்ணைத் திறந்து, விஷயம் இவ்வளவுதானா என்று மூடிக்கொண்டது.

பயணத்துக்கு முந்தைய நாள், வெயில் ஏறுமுன்னே களம் புகுந்த தலைவன், கரிநிற எஞ்சின் எண்ணெயை வடித்துப் பொன்னிறப் புது எண்ணெய் வார்த்து, பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெண்பூஞ்சணத்தை வெந்நீரால் கழுவி, ரேடியேட்டரின் தாகம் தீர்த்து, விரிசல் கண்ட ஃபேன் பெல்ட்டுக்கு விடைகொடுத்து, நான்கு டயருக்கும் காற்றூட்டி, பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கவும் செய்கிறதே எனத் தானே வியந்து, வெற்றிச் சிரிப்புடன் நிமிர்ந்த அக்கணத்தில், வாசற்படியில் தோன்றினாள் மனைவி.

"எல்லாம் சரி, ஸ்டெப்னிய இறக்கிப் பாத்தீங்களா? அது இல்லாம என் பொண்ண இதுல ஏத்த மாட்டேன். தம்பி கார்தான்."

தலைவனின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. வண்டியின் அடிவயிற்றில் ஸ்டெப்னிச் சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருந்தது ஒரு நட்டு. பன்னெடுங்கால மழையும் சேறும் உண்டு வளர்ந்து, தான் ஒரு நட்டு என்பதையே மறந்துவிட்ட இரும்பரசன் அது.

அதன்மேல் ஸ்பேனர் பாய்ந்தது, வழுக்கியது. சுத்தியல் பாய்ந்தது, தலைவனின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. மண்ணெண்ணெய் மழை பொழிந்தான். அதில் பாதி அவன் மூக்கில் இறங்கியது. ஸ்பேனரின் வாலில் நீள்குழாய் செருகி, பல்லைக் கடித்து, வண்டி செய்தவனையும் விற்றவனையும் ஒருசேர வசைபாடி, நண்பகல் தாண்டியும் அவன் திருகிய திருகலில் வண்டிதான் ஆடியதே ஒழிய நட்டு அசையவில்லை. கோப்பைத் தேநீருடன் குனிந்து பார்த்த மைத்துனன் அப்போது மிகுந்த பணிவுடன் வாய் திறந்தான்.

"அத்தான், இவ்வளவு நேரமா இறுக்கிட்டில்ல இருக்கீங்க?"

மல்லாந்து கிடப்பவனுக்கு எல்லாம் தலைகீழ் என்ற நுண்ணறிவால், திருகும் திசையையும் தலைகீழாக்கிக் கொண்டிருந்தான் நம் மதியூகி. "எனக்குத் தெரியும்! முதல்ல இறுக்கினாத்தான் துரு விடும்!" என்று பதில்முழக்கம் செய்தவன், யாரும் கவனிக்கவில்லை என்று நம்பித் திசையை மாற்றினான்.

கிறீச்சென்று அலறியது நட்டு. வெயில் சாயும் வேளையில், புழுதி பறக்க, நிலம் அதிர, தலைவனின் காதோரம் தொப்பென்று வீழ்ந்தது சக்கரம். உருண்டு வெளிவந்து அதை ஓர் உதை உதைத்தான். கல்லாய் நின்றது.

"எல்லாரும் வந்து பாருங்க! காத்து அப்படியே இருக்கு!"

எல்லாரும் வந்து பார்த்தார்கள். மகளும் பார்த்தாள், பார்த்ததோடு நிற்காமல் எண்ணியும் விட்டாள்.

"அப்பா... நம்ம வண்டியில சக்கரத்துக்கு ஆறு போல்ட்டு. இதுல அஞ்சு ஓட்டைதானே இருக்கு?"

வண்டியை இவன் தலையில் கட்டிய பழைய உரிமையாளர், ஏதோ ஒரு காரின் சக்கரத்தை அடியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒருநாளும் குனிந்து பாராத தலைவன், எந்தக் காலத்திலும் பொருந்தாத அச்சக்கரத்தை நம்பி ஊரூராகச் சுற்றியிருக்கிறான். வேறு சக்கரம் கேட்டுக் கடைகளுக்குப் போன் போட்டால், "இந்த வண்டிக்கெல்லாம் சொல்லி வைக்கணும் சார், ஒரு வாரம் ஆகும்" என்றார்கள்.

 ஸ்பேனரை எடுக்கும் சாக்கில் மீண்டும் வண்டிக்கு அடியில் புகுந்த தலைவன் வெளியே வரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. கண்ணில் நீர் முட்டியது. துரு விழுந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மகள் தரையில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள்.

"வெளிய வாங்கப்பா. நான் உங்க வண்டியிலதான் வருவேன்."

"ஸ்டெப்னிக்கு என்னடி பண்ணுவ?" என்றாள் தாய்.

"மாமா பின்னாடியே கார்ல வரட்டும்மா. பஞ்சரானா அதுல ஏறிக்கறோம்."

இவ்வாறாக, குளிர்காற்றும் மெல்லிசையும் பொழியும் அப்புத்தம்புது ஊர்தி, ஒரு கிழட்டு பிக்கப்பின் ஸ்டெப்னியாகப் பட்டம் சூடியது, மைத்துனனுக்குப் புரையேறியது, தலைவனோ எண்ணெய் வழியும் முகத்தோடு வெளிவந்து, ஏழுலகும் வென்ற மிடுக்கில் மெத்தையைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். மறுநாள் விடியலில், மகளைப் பக்கத்தில் அமர்த்திய பிக்கப் முன்னே முழங்க, புதுக்கார் பின்னே பம்மிப் பம்மி ஊர, அவ்விருவண்டிப் பெரும்படை நெடுஞ்சாலை புகுந்தது.

வழியில் எந்த டயரும் பஞ்சராகவில்லை.