மூச்சு வாங்கும் கலை

ஊரடங்கு மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் மலையே ஏறியிருப்பேன் என்று சொல்லித் திரிகிற ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாடிப்படியைக் கண்டால் லிஃப்டைத் தேடுவார்கள். லிஃப்ட் இல்லையென்றால் மாடியில் இருப்பவரைக் கீழே இறங்கி வரச் சொல்வார்கள்.

இந்த இனத்தின் அசல் மாதிரி, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். வாரம் மூன்று நாள் மருத்துவமனை உடற்பயிற்சி வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் இதயத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அங்கே பயிற்சியாளர் பெண் பக்கத்திலேயே நிற்பதால் டபாய்க்க வழியில்லை. முனகிக்கொண்டே சைக்கிள் மிதித்தார். ஆறு நிமிடத்தில் நானூறு மீட்டர் நடந்தும் காட்டினார்.

அப்புறம் கொள்ளைநோய் வந்தது, வகுப்பை மூடினார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! பரீட்சை தள்ளிப்போன பையனின் சந்தோஷம்கூட அதனிடம் தோற்றுப்போகும். ஆனால் போனில் விசாரித்தவர்களிடமெல்லாம், "எனக்கு ஆசைதான் சார், வெளிய விடமாட்டேங்கறாங்களே!" என்று உருகினார்.

சனியன், வகுப்பு செல்போனிலேயே வந்து சேர்ந்தது. மனிதர் அசரவில்லை. "போன் சரியா நிக்க மாட்டேங்குதும்மா" என்று சொல்லி, மின்விசிறி மட்டும் தெரிகிற மாதிரி அதை மேசையில் கிடத்திவிட்டு, சாய்வு நாற்காலியில் மல்லாந்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார். ஏழு வரைக்கும் சாதாரணக் குரல், எட்டிலிருந்து இளைப்பு, பன்னிரண்டில் ஒரு முனகல், பதினைந்தில் "யப்பா!"

"சூப்பர் சார்!" என்பாள் அந்த அப்பாவிப் பெண்.

"இந்த மூச்சுக்கே மெடல் குடுக்கலாம்" என்று சமையலறையிலிருந்து மனைவி முணுமுணுப்பார். வெட்கமா? அதெல்லாம் நம்ம ஆளுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

மருத்துவமனை திறந்தது. அதே நீள நடைக்கூடம், அதே ஆறு நிமிட நடைத் தேர்வு. மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடக்கத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே மனிதருக்கு இளைத்தது.

"வழக்கமா வாங்குற மூச்சுதானே சார், விட்டுடாதீங்க!" என்றாள் பயிற்சியாளர் பெண்.

"ஆரம்பிச்சுட்டார்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியது போல இருந்தது. சுவரைப் பிடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே பயந்துபோனார்.

"இது நெசம்மா..."

"அப்போ போன்ல?" என்றாள் அந்தப் பெண்.

"அது... நடிப்பு."

சக்கர நாற்காலி ஓடி வந்தது, டாக்டரும் ஓடி வந்தார். மனைவியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆள் பிழைத்துக்கொண்டார். நடந்த தூரம் நூற்று நாற்பது மீட்டர் என்று தாளில் ஏறியது. இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு இந்த இதயம் ஒத்துழைத்தால் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர்.

திருந்தினாரா? வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரர் விசாரித்தபோது, "எல்லாம் அந்த ஊரடங்கு பண்ணின வேலை சார்" என்றார். மனைவி உள்ளே போய், சாய்வு நாற்காலியை மடக்கிப் பரண்மேல் போட்டார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே எழுந்துபோய் இரண்டு மாடி ஏறி இறங்கிவிட்டு வந்து மீதியைச் சிரியுங்கள். மூச்சு வாங்கினால் தயவுசெய்து ஊரடங்கின்மேல் பழி போடாதீர்கள். அது முடிந்து எத்தனை வருஷமாகிறது!