தூசி முறை

"இழுக்கவே மாட்டேங்குதுக்கா," என்றான் தனபால், தூசி உறிஞ்சும் மிஷினின் வயிற்றில் காதை வைத்து.

"டாக்டராட்டம் கேட்டுக்கிட்டே நில்லு சாமி. மூணு மணிக்கு ஆபீஸரம்மா வந்துருவாங்க," என்றாள் கண்ணாயி.

செம்மேட்டில் அந்தப் பொது மரப் பட்டறையை ஆறு பேர் சேர்ந்து ஓட்டினார்கள்; அன்றைக்கு வந்திருந்தது தனபால், கண்ணாயி, மாதேஸ்வரன் மூவர்தான். ஷெட்டும் மிஷின்களும் அரசாங்கம் கொடுத்தவை. தூசி மிஷினைப் பார்த்துக்கொள்வது வாரத்துக்கு ஒருவர் முறை. இந்த வாரம் தனபாலின் முறை. ஷெட்டைப் பார்வையிட்டு, விட்டுவைப்பதா, பூட்டி எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்வோம் என்ற கடிதம் வந்ததும் இதே வாரம்தான். போன தடவை வந்த ஆபீஸர் ஒன்பது தும்மல் போட்டுவிட்டுப் போனார். அந்தத் தும்மல்தான் கடிதமாகத் திரும்பி வந்திருக்கிறது என்பது ரம்ப மிஷின் ஓட்டும் மாதேஸ்வரனின் கண்டுபிடிப்பு.

ஷெட் போனால், ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் கை ரம்பமா? நினைக்கும்போதே தனபாலுக்குத் தோள்பட்டை வலித்தது.

"பையைத் தட்டுப்பா. பை அடைச்சிருந்தா அது எப்படி மூச்சு விடும்?" என்றான் மாதேஸ்வரன்.

தனபால் ஒரு ரீப்பர் கட்டையை எடுத்துத் தட்டினான். நான்காவது தட்டில் துணிப்பை முழ நீளத்துக்குக் கிழிந்தது.

"தட்டச் சொன்னா, பகையைத் தீத்துக்கிட்டியா?"

"நைஞ்சு கெடந்துச்சுங்கண்ணா. போன வாரம் யாரு முறை?"

மாதேஸ்வரன் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

கண்ணாயி மிளகுச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்தாள். பைக்குப் பதிலாக அதைக் கட்டி மிஷினைப் போட்டார்கள். சாக்கின் ஓட்டை ஓட்டையாகப் பலாமரத் தூள் பீய்ச்சியடித்தது. மூவரும் மஞ்சளானார்கள்.

"மாரியாயி பண்டிகையாட்டம் இருக்குது. வேப்பிலைதான் இல்ல," என்றாள் கண்ணாயி, கண்ணைத் திறக்காமல்.

"சந்து இல்லாத துணியா வேணும்," என்ற மாதேஸ்வரன், மிளகு காயப்போடும் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினான். இப்போது தூள் வெளியே வரவில்லை. காற்றும் வரவில்லை. தார்ப்பாய் சினைப்பசு மாதிரி உப்பியது.

"நிறுத்துங்கண்ணா!"

"பொறுப்பா, இப்பத்தான் நல்லா இழுக்..."

கயிறு தெறித்தது. மிஷினுக்குள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்த தூளெல்லாம் ஒரே நேரத்தில் பட்டறைக்குத் திரும்பி வந்தது.

மணி பன்னிரண்டரை. தனபால் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இனி ஒரே வழிதான். யாரும் ஒரு மரத்தையும் தொடாதீங்க. கூட்டிக் கழுவீருவோம்."

"இதைக் காலையிலயே சொல்லியிருந்தா, நான் ஒரு வாய் சோறாவது தின்னிருப்பேன்," என்றாள் கண்ணாயி.

பதினொரு சாக்குத் தூள் பின்னாலிருந்த மரவள்ளிக் காட்டுக்குப் போனது. பாதி செய்த கட்டிலும் கதவும் துண்டு துணுக்கும் மாதேஸ்வரன் வீட்டுக்குப் போயின. ரம்பத்தைப் பல் பல்லாகத் துடைத்தார்கள். தரையை மூன்று தடவை கழுவினார்கள். கிழிந்த பையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேலே வெளுத்த வேட்டி ஒன்றைப் போர்த்தினார்கள்.

மூன்று மணிக்கு ஆபீஸரம்மா வந்தார். ரம்ப மேஜைமேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலைப் பார்த்தார். சுத்தம்.

"இதெல்லாம் வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருசமுங்க. வந்தப்ப எப்படியோ, அப்படியே வெச்சிருக்கறோமுங்க," என்றான் மாதேஸ்வரன் பெருமையாக.

"மரத்தூள், தூசி?"

"மருந்துக்கும் கெடையாதுங்க!"

"ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க."

தனபால் வேட்டி போர்த்திய பையை மறைத்து நின்றான். "கரண்ட்டு இல்லீங்கம்மா."

ஆபீஸரம்மா தலையாட்டியபடி நிறைய எழுதினார். ஒரு தும்மல்கூடப் போடாமல் போய் ஜீப்பில் உட்கார்ந்தார்.

"தப்பிச்சோம்டா சாமி," என்று கண்ணாயி ஈரத்தரையிலேயே காலை நீட்டினாள். மற்ற இருவரும் பக்கத்தில் சரிந்தார்கள். தனபாலுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

வண்டிக்குத் தண்ணீர் கேட்டு ஜீப் டிரைவர் உள்ளே வந்தார். வாளியை நிரப்பிக்கொண்டே பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"ஏனுங்க, அம்மா பாக்க வந்ததே இங்க வேலை நடக்குதா இல்லையான்னுதானுங்க. ஒரு கை தூளாவது கீழ கெடந்திருந்தா, பூட்டச் சொல்லி எழுதியிருக்க மாட்டாங்க!"